‘வாரேன்’ என்று சொல்லுமுன்

சுற்றிடும் உலகைக் காலில் தூக்கியே ஆடும் ஐயா
உற்றதோர் மலையின் உச்சி உவந்ததில் அமர்ந்த மெய்யா
பற்றினேன் இருக்கைக் கம்பி பாதமென் றெண்ணி நானும்
முற்றுமென் தலைசுற் றாமல் முடிவரை காப்பாய் நீயே.

ஆடிப் பதினெட்டாம் பெருக்கு நன்னாளில், கொல்லி மலை அறப்பள்ளிக் கோயிலில் அமர்ந்தருளும் ஈசனை மனத்தில் நிறுத்தி, மக்கள் மன்றங்களுக்குள் முதன்முதலாக அடியெடுத்து வைத்திருக்கும் என் தங்கைகளுக்கு இதை எழுதுகிறேன். காப்புச் செய்யுளில் இறைவன் திருவடிக்குப் பக்கத்தில் பேருந்தின் இருக்கைக் கம்பியும் வந்து அமர்ந்துவிட்டதே என்று யாரும் முகம் சுளிக்க வேண்டாம். என் அரசியல் வாழ்வில் நான் இறுகப் பற்றிக்கொண்டவை அவ்விரண்டே. எது முதலில், எது பின்பு என்பது அந்தந்த வளைவைப் பொறுத்தது.

மசோதா எப்படி நிறைவேறும், மானியக் கோரிக்கை என்றால் என்ன, வெட்டுத் தீர்மானம் எப்போது கொடுக்கலாம் என்பனவற்றைப் பயிற்சி வகுப்பில் உங்களுக்குச் சொல்லித் தருவார்கள். நல்ல சாப்பாடும் போடுவார்கள். நான் சொல்லப்போவது ஒரே ஒரு சொல்லைப் பற்றி. வாசற்படி இறங்கும்போது நாம் வாய் நிறையச் சொல்லும் ‘வாரேன்’ என்ற சொல்.

நான் முள்ளுக்குறிச்சிப் பக்கம் உழவர் குடும்பத்தில் பிறந்து, அங்கேயே வாழ்க்கைப்பட்டவள். பதிகங்களைப் பாடிப் பாடியே வளர்ந்தவள். அடிவாரமும் மலையும் சேர்ந்த எங்கள் தொகுதியில் கட்சி என்னை வேட்பாளராக நிறுத்தியபோது எனக்கிருந்த ஒரே குறையை யாரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அந்த வாய்ப்பு வேறொருவருக்குப் போயிருக்கும். குறை இதுதான்: வண்டி ஒரு வளைவு திரும்பினால் எனக்குத் தலை சுற்றும். இரண்டாவது வளைவில் வயிறு சுற்றும். மூன்றாவதில் என்ன நடக்கும் என்பதைக் காப்புச் செய்யுள் வரைந்த கையால் எழுதலாகாது. கொல்லி மலைப் பாதையிலோ ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவுக்கும் எண் எழுதிப் பலகை நட்டிருக்கிறார்கள். நான் கண்ணை இறுக மூடிக்கொள்வதால், மொத்தம் எத்தனை என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

பிரசாரத்துக்காக முதன்முறை மலையேறிய அன்று மலைமேல் பெரிய ஊரான செம்மேட்டையும் தாண்டி, சுனைப்பட்டி என்ற சிற்றூருக்கு ஜீப்பில் போய்ச் சேர்ந்தோம். நான் இறங்கவில்லை, இறக்கப்பட்டேன். ஊர் முழுவதும் என் கண்ணுக்கு இரண்டிரண்டாகத் தெரிந்தது. ஒருவருக்கு இரண்டு முறை கும்பிட்டேன். “எவ்வளவு பணிவு பாரு!” என்று கட்சிக்காரர்கள் பூரித்துப் போனார்கள்.

கடைசி வீடு பாப்பாயி என்ற பெண்மணியுடையது. என் முகத்தைப் பார்த்ததுமே அவர் உள்ளே போய், மிளகும் சுக்கும் தட்டிப் போட்ட கஷாயத்தைக் கொண்டுவந்து நீட்டினார். குடித்தேன். உலகம் ஒருவழியாக ஒன்றாயிற்று. நன்றி சொல்லி, வாக்குக் கேட்டு, கை கூப்பி, “வாரேனுங்க அக்கா” என்றேன்.

“போங்க” என்றார் பாப்பாயி.

தங்கைகளே, நம் மக்களிடம் இந்தச் சொல்லின் கனம் உங்களுக்குத் தெரியும். ‘போகிறேன்’ என்று நாம் சொல்வதில்லை, ‘போங்க’ என்று விடைகொடுப்பதும் இல்லை. சாவு வீட்டில் மட்டுமே ஒன்றும் பேசாமல் எழுந்து வருவோம். மற்ற எந்த வாசலிலும் ‘வாரேன்’ என்றால் ‘போயிட்டு வாங்க’ என்பதுதான் மறுமொழி.

எங்கள் ஒன்றியச் செயலாளருக்குப் பொறுக்கவில்லை. “ஏனுங்க, வேட்பாளரப் போயி இப்புடிச் சொல்லலாமுங்களா? போயிட்டு வாங்கன்னு சொல்லோணுமுங்க” என்றார்.

“எதுக்குங்க பொய் சொல்றது?” என்றார் பாப்பாயி, காலித் தம்ளரை வாங்கிக்கொண்டே. “போன எலெக்சனுக்கு வந்தவரு வாரேன்னாரு. அதுக்கு முந்தி வந்தவரும் வாரேன்னாரு. இந்த வாசல்ல வாரேன்னவங்கள வரிசையா நிறுத்துனா செம்மேட்டு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நிக்குமுங்க. ஒருத்தரும் திரும்பி வரலீங்க. அதான், போங்கன்னுட்டேன்.”

“நான் வருவேன் அக்கா.”

“நீங்க வந்து என்னுங்க பண்றது? ஒருக்கா ஏறி வந்ததுக்கே மூஞ்சி பலாப்பிஞ்சாட்டம் ஆயிப்போச்சு. நீங்க வராட்டிப் போவுது சாமி, பஸ்ஸு வரட்டும்.”

அப்போதுதான் அவருடைய மகள் கனகா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வெளியே வந்தாள். அடிவாரத்தில் செவிலியர் பயிற்சியில் சேர்ந்திருந்தாள். மாலையில் மலையேறும் பேருந்து செம்மேட்டோடு நின்றுவிடும். அதற்குமேல் சுனைப்பட்டிக்குக் காட்டு வழியே நடக்க வேண்டும். பலா பழுக்கும் காலத்தில் கரடிகளும் அதே வழியைத்தான் விரும்பும். “ஆடி முடியற வரைக்கும் பாக்கறேங்கறாரு எங்க ஊட்டுக்காரரு” என்றார் பாப்பாயி. “அதுக்குள்ள பஸ்ஸு வரலீன்னா இவ படிப்ப நிறுத்தீட்டு, ஆவணில மாமன் பையனுக்குக் கட்டி வெக்கறதுன்னு பேச்சு.”

கனகா பை வாரைச் சரிசெய்துகொண்டாள். என்னைப் பார்த்தாள், அவ்வளவுதான். கெஞ்சும் பார்வையில்லை. இந்த அம்மாள் எந்த வகை என்று எடைபோடும் பார்வை.

கஷாயத்தின் வீரியமோ, சுற்றிய தலையின் மிச்சமோ, நான் வாசலில் நின்று உரக்கச் சொன்னேன்: “நான் இனி இந்த ஊருக்கு வந்தால் பஸ்ஸில்தான் வருவேன். பஸ் வராமல் இந்த வாசலை மிதிக்க மாட்டேன்.”

கூட்டம் கை தட்டியது. ஜீப்பின் பின்னால் என் கணவர் தலையில் கை வைத்துக்கொண்டார். “ஏம்புள்ள, ஜீப்புலயே இந்தக் கதி. இதுல பஸ்ஸா?” என்றார்.

வைகாசியில் வென்றேன். சென்னைக்குப் புறப்பட்டபோது அவர் சொன்ன வாழ்த்து இதுதான்: “பயப்படாத. மெட்ராசு ரோடு நேராத்தான் இருக்கும்.”

ரோடு நேராக இருந்தது. சட்டமன்றம்தான் வளைந்து வளைந்து போயிற்று. ஆனி மாதக் கூட்டத்தொடரில் எனக்கு முதல் கேள்வி கேட்கும் வாய்ப்பு வந்தது. அதற்காக நான் எதுகையும் மோனையும் தவழ, செந்தமிழில் ஒரு கேள்வியை எழுதி, குளியலறையில் பாடிப் பாடிப் பழகியிருந்தேன். என் பெயர் அழைக்கப்பட்டது. எழுந்தேன். பார்வையாளர் மாடம் முழுவதும் மனிதர்கள், மேசை முழுவதும் ஒலிவாங்கிகள். முதல் வளைவில் என்ன நடக்குமோ அது நடந்தது. செந்தமிழ் முழுவதும் பறந்துபோய், வாயிலிருந்து முள்ளுக்குறிச்சி மட்டும் வெளிவந்தது:

“ஏனுங்க பேரவைத் தலைவருங்களே, எங்க சுனைப்பட்டிக்குப் பஸ்ஸு எப்பங்க வரும்?”

அவை குலுங்கிச் சிரித்தது. ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி என்ற வேற்றுமையின்றிச் சிரித்தது. அத்தகைய ஒற்றுமையை அதற்குப் பின் அந்த மன்றத்தில் நான் கண்டதில்லை. அமைச்சரும் சிரிப்பை அடக்கிக்கொண்டே எழுந்தார். “உறுப்பினர் கேட்டதால் நானும் சொல்றேனுங்க. பஸ் போய்த் திரும்ப இடம் இருந்தால், இந்த ஆடிக்குள்ளேயே விட்டுடறேனுங்க” என்றார். மீண்டும் சிரிப்பு.

நான் உட்கார்ந்தேன். காது சூடேறிக் கண் இருண்டது. பக்கத்து இருக்கையில் ஒரு மூத்த அம்மையார். பெயரைச் சொன்னால் கோபித்துக்கொள்வார், எனவே சொல்லவில்லை. பல ஆட்சிகளைப் பார்த்தவர். திரும்பாமலே கேட்டார்: “தலை சுத்துதா?”

“ஆமாங்கம்மா.”

“சுத்தும்போது சுத்துறதைப் பார்க்காதே. அசையாதது ஒண்ணைப் பிடிச்சுக்கோ. அதோ எதிர்ச்சுவர்ல ஒரு ஆணி தெரியுதா? நான் வந்ததிலேர்ந்து அதைத்தான் பார்க்கிறேன். படம் மாறுது, ஆட்சி மாறுது, ஆணி மாறலை.” பிறகு என் பக்கம் லேசாகச் சாய்ந்தார். “சிரிச்சாங்களேன்னு வருத்தப்படறியே, அசடு. அமைச்சர் வாயால ஆடிக்குள்ளேன்னு சொல்லிட்டார். சிரிச்சுக்கிட்டே சொன்னாலும் அவைக்குறிப்புல சிரிப்பு ஏறாது. வாக்கு மட்டும்தான் ஏறும்.”

எனக்கு அந்த இடத்திலேயே ஒரு பதிகம் பாடவேண்டும் போலிருந்தது. அவை விதிகள் இடம் தரவில்லை.

ஆக, இனி வேண்டியது பேருந்து திரும்ப ஓர் இடம். சுனைப்பட்டியில் சமதளமான நிலம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. ஊர் எல்லையில், ஒரு பலாத்தோட்டத்தின் ஓரம். தோட்டத்துக்குச் சொந்தக்காரர் யார் என்கிறீர்கள்? தேர்தலில் என்னை எதிர்த்து நின்று தோற்றவர்தான், நான் அண்ணா என்று அழைப்பவர். எல்லாம் வல்ல ஈசனுக்கு விளையாட அந்த ஆண்டு வேறு ஆள் கிடைக்கவில்லை.

அண்ணன் மலையிலேயே பிறந்து வளர்ந்தவர். முறுக்கு மீசை. மலைப்பாதை முழுவதும் மோட்டார் பைக்கில் ஒரு கையால் ஓட்டிக்கொண்டு மறுகையால் வணக்கம் வைப்பவர். பஸ் வராமல் சுனைப்பட்டிக்குப் போகமாட்டேன் என்று நான்தான் வாயை விட்டிருந்தேனே! ஆகவே வாரச்சந்தை நாளில் செம்மேட்டுக்குப் போய், வாழைத்தார்களுக்கு நடுவில் அவரைப் பிடித்தேன். ஜீப்பை விட்டு இறங்கி அரை மணி நேரம் புளியமரத்தடியில் உட்கார்ந்து முகத்தைச் சரிசெய்துகொண்ட பிறகுதான்.

“ஏனுங்க அண்ணா, சவுக்கியங்களா?”

“தோத்தவன் சவுக்கியத்துக்கு என்னுங்க அம்மிணி. ஜெயிச்சவங்க நீங்க எப்புடி இருக்கறீங்க? மொகத்துல இன்னும் பச்ச போகலையாட்ட இருக்குதே?”

சந்தை சிரித்தது. நானும் சிரித்தேன். “உங்க பலாத்தோட்டத்து ஓரம், பஸ் திரும்பற அளவுக்குக் கொஞ்சம் இடம் வேணுமுங்க.”

“எம் பலாமரத்துக்கு ஓட்டு இல்லீங்களே அம்மிணி. அதுகிட்ட எதுக்குங்க வந்து கேக்கறீங்க?”

மீண்டும் சிரிப்பு. அவருடைய கட்சிப் பையன்கள் சுற்றி நின்று கொண்டார்கள். கூட்டம் கூடக்கூட அண்ணனின் குரலும் மேடையேறிற்று. “எங்க ஊருக்கு பஸ்ஸுலதான் வருவேன்னு சபதம் போட்டீங்களாம்ல? சரிங்க. அடிவாரத்துல, சேந்தமங்கலத்துல பஸ்ஸு ஏறோணும். நடுவுல எங்கயும் வண்டிய நிறுத்தக் கூடாது. வாயில துணி வெக்கக் கூடாது. நேரா எங்க ஊர்ல வந்து எறங்கோணும். அப்படி வந்துட்டீங்கன்னா எடத்த எடுத்துக்குங்க. நானே கூட வாரேன், சாட்சிக்கு.”

“இதென்னுங்க, மக்கள் பிரதிநிதிகிட்டப் போயிப் பந்தயம்…” என்று எங்கள் ஒன்றியச் செயலாளர் இழுத்தார். அவர் சொன்னது சரிதான். ஆனால் வாழைத்தார்களுக்கு அப்பால் கனகா பையோடு நின்றிருந்தாள். அன்றைய பயிற்சி வகுப்பு முடிந்து வந்தவள், அந்தப் பேச்சு முழுவதையும் கேட்டிருந்தாள். ஆடி பிறந்துவிட்டிருந்தது.

“ஆடிப் பதினெட்டு அன்னைக்கு வாரேனுங்க அண்ணா” என்றேன்.

அடுத்து வந்த நாள்களில் நான் சட்டமன்ற உறுப்பினராக இல்லை. தொகுதியின் பொது நோயாளியாக இருந்தேன். மனு கொடுக்க வந்தவர்களெல்லாம் மருந்தும் கொடுத்தார்கள். ஒருவர் எலுமிச்சம்பழத்தை முகரச் சொன்னார். ஒருவர் இஞ்சிமரப்பாவை வாயில் அடக்கச் சொன்னார். செய்தித்தாளை வயிற்றில் கட்டிக்கொண்டால் ஒன்றும் ஆகாது என்றார் இன்னொருவர். எந்தக் கட்சிப் பத்திரிகை என்பதில் எங்கள் ஆட்களுக்குள்ளேயே தகராறு வந்தது. என் கணவர் மட்டும் எந்த வைத்தியமும் சொல்லவில்லை. கடைக்குப் போய், பெரிய பெரிய பிளாஸ்டிக் பைகளாகப் பார்த்து வாங்கி வந்தார்.

ஆடிப் பதினெட்டும் வந்தது. சேந்தமங்கலத்தில், அமைச்சரின் வாக்கைக் காட்டிக் கேட்டு வாங்கிய சோதனைப் பேருந்து மாவிலைத் தோரணத்தோடு நின்றது. அறப்பள்ளிக்குப் போகும் பக்தர்களும், இரு கட்சிக்காரர்களும், வேடிக்கை பார்க்க வந்தவர்களுமாக உள்ளே கடுகு போட இடமில்லை. போக்குவரத்து அதிகாரி ஒருவர் முன்னால் அமர்ந்தார். மரியாதை கருதி எனக்கும் முன்னிருக்கை தந்தார்கள். அண்ணன் மீசையை நீவிக்கொண்டு, தன் பையன்கள் சூழக் கடைசி இருக்கைக்குப் போனார். “இங்கிருந்து பாத்தாத்தான் அம்மிணி நல்லாத் தெரிவாங்க” என்றார். கனகாவும் பின்படிக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள்.

“போலாம் ரைட்!” என்றார் நடத்துநர்.

முதல் வளைவு. மலை இடப்புறத்திலிருந்து வலப்புறத்துக்கு நடந்தது. அம்மையாரின் ஆணி நினைவுக்கு வந்தது. அசையாதது எது? மரம் ஓடுகிறது, பாறை ஓடுகிறது, கனகா பின்னால் இருக்கிறாள். எனக்குத் தெரிந்த அசையாப் பொருள் ஒருவன்தான். அவனும் ஆடுகிறவன் என்று புகழ் பெற்றவன். என்றாலும் வேறு வழியில்லை. கம்பியைப் பற்றிக்கொண்டு பாடத் தொடங்கினேன்.

ஒரு வளைவுக்கு ஒரு பாட்டு. பாடுகிறவள் வாயை மூட முடியாது; வாயைத் திறந்து பாடும்வரை வயிற்றுக்கு மேலே வர வழியில்லை. இந்த மருத்துவ உண்மையை நான் அந்தப் பேருந்தில்தான் கண்டுபிடித்தேன். இரண்டாம் வளைவில் பக்தர்கள் சேர்ந்துகொண்டார்கள். ஐந்தாம் வளைவில் நடத்துநர் டிக்கெட் பையில் தாளம் போட்டார். நடுமலை தாண்டுவதற்குள் எதிர்க்கட்சிப் பையன்களும், எதிர்ப்பைக் காட்டுவதற்காகவே, எங்களைவிட உரக்கப் பாடினார்கள். பேருந்தே கிறுகிறுத்துப் பாடியது. மேகம் சன்னல் வழியே உள்ளே வந்து எங்களோடு உட்கார்ந்தது. ஓட்டுநர் வளைவுக்கு வளைவு ஒலிப்பானை அழுத்தியதுகூடச் சுருதியில் சேர்ந்தது. என் வாழ்நாளில் அத்தனை ஆனந்தமாக நான் பயந்ததில்லை!

செம்மேடு வந்தது. சந்தை மேட்டில் நின்ற கூட்டம் கையசைத்தது. வண்டி நிற்கவில்லை. என் கணவர் கையிலிருந்த பையை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். இனிச் சுனைப்பட்டிக்குக் குறுகலான கடைசி வளைவுகள் மட்டுமே. வென்றுவிட்டேன் என்றே நினைத்தேன்.

அப்போது ஒன்று கவனித்தேன். வழி முழுவதும் பின்னாலிருந்து வந்துகொண்டிருந்த கிண்டல் நின்று போயிருந்தது.

திரும்பிப் பார்த்தேன். பையன்கள் எல்லாரும் என்னையே பார்த்துப் பாடிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் அண்ணன். மீசை தொங்கிவிட்டது. முகம் வாழைப்பிஞ்சு நிறம். தோள்துண்டு வாய்மேல். வாழ்நாள் முழுவதும் வண்டியைத் தானே ஓட்டியவர் அவர். ஓட்டுகிறவனுக்குத் தலை சுற்றாது. இன்னொருவன் ஓட்டும் வண்டியில், அதுவும் கடைசி இருக்கையில் உட்கார்ந்து பார்த்தால்தான் மலை தன் வேலையைக் காட்டும். அது அன்றுவரை அவருக்கே தெரிந்திருக்கவில்லை. மலையில் பிறந்தவன் என்று ஊர் ஊராகச் சொன்ன மனிதர், கண்ணில் நீர் கட்ட என்னைப் பார்த்தார். ஒரு வளைவு, மிஞ்சினால் இரண்டு, அதற்குமேல் தாங்காது.

தங்கைகளே, இங்கே ஒரு நிமிடம் நில்லுங்கள். எனக்கு அந்த ஒரு நிமிடமும் கிடைக்கவில்லை.

நான் வாயைத் திறந்து பாடிக்கொண்டே போயிருந்தால் போதும். பந்தயம் என்னுடையது. ஊரே பார்க்க, அவருடைய பையன்களே பார்க்க, அண்ணன் கவிழ்ந்திருப்பார். அடுத்த தேர்தலுக்கு எனக்குச் சுவரொட்டிகூட வேண்டியிருக்காது. ஆனால் பலாத்தோட்டம்? ஊர் முன்னால் மானம் போன மனிதன், கொடுத்த வாக்கைக் காப்பாற்ற வேலியைத் திறப்பானா? திறந்தாலும் மறுநாள் மூடமாட்டானா? தலை கிறுகிறுவென்று சுழன்றது. அசையாதது எது என்று தேடினேன். அண்ணனுக்குப் பக்கத்தில், பின்படிக் கம்பியைப் பிடித்தபடி, கனகா நின்றிருந்தாள். பாப்பாயி வாசலில் எடைபோட்ட அதே கண்கள். ஆணி அங்கே இருந்தது.

“நிறுத்துங்க! வண்டிய நிறுத்துங்க!” என்று கத்தினேன். “எனக்கு முடியலீங்க!”

வண்டி கிறீச்சிட்டு நின்றது. “விழுந்துச்சுடோய்!” என்று பையன்கள் கூவினார்கள். நான் முன்படி வழியே குதித்து, வண்டிக்கு முன்னால் இருந்த பாறையோரம் ஓடிக் குனிந்தேன். பேருந்து முழுவதும் எனக்குப் பின்னால் இறங்கி வந்து சுற்றி நின்றுகொண்டது. மனித குலத்துக்கு அதைவிடச் சுவையான காட்சி வேறு இல்லை போலும். பின்படியில் யார் இறங்கினார், வண்டியின் மறுபுறம் யார் போனார் என்று பார்க்க ஒருவரும் மிச்சமில்லை. அங்கிருந்து சத்தம் ஏதேனும் கேட்டுவிடப் போகிறதே என்று அவருக்கும் சேர்த்து நானே ஓங்கரித்தேன். ஈசன் விடுவானா? பாட்டை நிறுத்திய வாயல்லவா! நடிப்பாகத் தொடங்கியது நடுவழியில் உண்மையாகிவிட்டது. என் கணவர் மடித்து வைத்த பையை மீண்டும் பிரித்துக்கொண்டு ஓடிவந்தார்.

முகம் கழுவி ஏறியபோது அண்ணன் தம் இருக்கையில் இருந்தார். மீசை பழையபடி நிமிர்ந்திருந்தது, ஓரத்தில் தண்ணீர்த் துளியோடு. கனகாவின் கையில் காலித் தண்ணீர்ப் புட்டி. அவள் என்னைப் பார்த்தாள். நான் வெளியே பார்த்தேன்.

சுனைப்பட்டியில் மேளம் காத்திருந்தது. பேருந்தைக் கண்டதும் முழங்கி, செய்தி கேட்டதும் நின்றது. அம்மிணி தோற்றுவிட்டார். பாப்பாயி கூட்டத்தின் ஓரத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அவர் முகத்தில் வியப்பு எதுவும் இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. போக்குவரத்து அதிகாரி, “இடம் இல்லேன்னா பின்பக்கமாவே செம்மேடு வரைக்கும் போகணும்மா” என்று முணுமுணுத்தார்.

அண்ணன் தம் வேலி முன்னால் போய் நின்றார். “எல்லாரும் பாத்தீங்கல்ல? அம்மிணி தோத்துட்டாங்க.”

“தோத்துட்டாங்க!” என்றார்கள் பையன்கள்.

“நடுவழியில வண்டிய நிறுத்திப்போட்டாங்க.”

“நிறுத்திப்போட்டாங்க!”

“அப்பப் பந்தயத்துல ஜெயிச்சது நானு.” என் பக்கம் திரும்பினார். மீசை ஓரத்தை ஒருமுறை துடைத்துக்கொண்டார். “தோத்தவங்க ஜெயிச்சவஞ் சொல்றதக் கேக்கோணும் அம்மிணி. கேப்பீங்களா?”

“கேக்கறேனுங்க அண்ணா.”

“அப்பக் கேட்டுக்குங்க. பஸ்ஸு இங்கதான் திரும்போணும். தெனமும் திரும்போணும்.” பையனொருவன் இடுப்பிலிருந்த அரிவாளைத் தாமே உருவி, வேலிக்கட்டை ஒரே வெட்டாக வெட்டினார். “என்றா பாக்கறீங்க? இழுங்கடா!”

மேளம் வெடித்தது. நடத்துநர் பின்னால் ஓடி, பேருந்தின் முதுகைத் தட்டிக்கொண்டே, “வரலாம், வரலாம், வரலாம்” என்று கூவினார். அந்தப் பெரிய பச்சை உடம்பு பலாமரத்தடியில் நுழைந்து, தயங்கி, ஒரு பலாக்காயை இடித்துக்கொண்டு, மெல்லத் திரும்பி நின்றது. சுற்றியது பேருந்து. என் தலை, பிறந்ததிலிருந்து முதல் முறையாக, கொஞ்சமும் சுற்றவில்லை. கனகாவின் அப்பா பேருந்தைச் சுற்றி வந்து, ஒவ்வொரு சக்கரத்தையும் தொட்டுப் பார்த்துவிட்டு, “காத்தால எத்தன மணிக்குங்க எடுக்கறீங்க?” என்று ஓட்டுநரிடம் கேட்டார். ஆவணிப் பேச்சு அந்தக் கேள்வியோடு முடிந்தது.

புறப்படும்போது பாப்பாயியின் வாசலுக்குப் போனேன். கை கூப்பினேன். அந்தச் சொல்லைச் சொல்ல நா எழவில்லை. அது எவ்வளவு கனமானது என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்திருந்தது.

பாப்பாயி என் கூப்பிய கையைப் பார்த்தார். “என்னுங்க, சொல்லாமயே கெளம்பறீங்க? இதென்ன எழவு ஊடா?”

“வாரேனுங்க அக்கா.”

“போயிட்டு வாங்க கண்ணு” என்றார்.

தங்கைகளே, அந்த ஐந்தாண்டிலும் அதற்குப் பின்பும் என்னென்னவோ பட்டங்கள் எனக்குக் கிடைத்தன. மலையில் கிடைத்தது ‘வாந்தி எம்.எல்.ஏ.’ என்பது. அடுத்த தேர்தலில் அண்ணனின் பையன்கள் என் படத்துக்குப் பக்கத்தில் எலுமிச்சம்பழம் வரைந்து சுவர் முழுவதும் ஒட்டினார்கள். அண்ணன் அதைத் தடுக்கவில்லை. ஒரு முறைகூட அதைச் சொல்லிச் சிரிக்கவும் இல்லை. சுனைப்பட்டியில் மட்டும் அந்தச் சுவரொட்டி மறுநாளே கிழிந்திருந்தது. கிழித்தவர் பாப்பாயி என்றார்கள் சிலர். அண்ணனின் பைக் அந்த விடியலில் அங்கே நின்றதாகச் சொன்னார்கள் வேறு சிலர்.

நாளைக்கு யாருடைய வேலி திறக்க வேண்டுமோ அவரை இன்றைக்கு ஊர் முன்னால் தோற்கடித்துப் பயனில்லை. இதை நான் எந்த வகுப்பிலும் படிக்கவில்லை. தோற்றது போல் நடித்துக்கொண்டு, உண்மையாகவே ஓங்கரித்துக்கொண்டு, பாறையோரம் கற்றேன்.

இத்தனை காலம் சொல்லாததை இன்று எழுதக் காரணம் உண்டு. அண்ணனும் என்னைப் போலவே இப்போது ஓய்வில் இருக்கிறார். இன்று விடியலில் அறப்பள்ளிக்குப் போகச் சேந்தமங்கலத்தில் சுனைப்பட்டிப் பேருந்தில் ஏறினேன். முன்னிருக்கையில், கம்பியை இரு கையாலும் பிடித்தபடி, அவர் உட்கார்ந்திருந்தார். நான் வாய் திறக்குமுன் கையை நீட்டினார்.

“அம்மிணி, எலுமிச்சம்பழம் இருக்குதா?”

இரண்டு வைத்திருந்தேன். ஒன்றைக் கொடுத்தேன். இப்போது அடிவாரத்திலிருந்து செம்மேட்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வேலைக்குப் போகும் செவிலியர் கனகா பின்படியில் ஏறி, எங்கள் இருவர் கையையும் பார்த்துவிட்டு, வாயைப் பொத்திச் சிரித்தாள்.

“அந்தப் புள்ளைக்கு எல்லாந் தெரியும்” என்றார் அண்ணன். “நீங்களும் எழுதிப்போடுங்க அம்மிணி. நம்ம காலத்துக்கப்பறம் வரவங்க படிக்கட்டும். மீசைய மட்டும் கொஞ்சம் நல்லா எழுதுங்க.”

எழுதிவிட்டேன் அண்ணா. நிமிர்ந்தே இருக்கிறது.

இதைப் படித்தவர்களும், படிக்கக் கேட்டவர்களும், வழியில் தலை சுற்றிப் பாதியில் நிறுத்தியவர்களும், கொல்லி மலை ஈசன் அருளால் எல்லா வளைவுகளையும் பாடிக்கொண்டே கடப்பார்களாக. கனகாக்களின் ஊர்தோறும் கடைசிப் பேருந்து பொழுதோடு போய்ச் சேர்வதாக. நீங்கள் கை கூப்பி இறங்கும் ஒவ்வொரு வாசலிலும், மனம் நிறைந்த ஒரு குரல், ‘போயிட்டு வாங்க கண்ணு’ என்று சொல்வதாக.

வாரேனுங்க.